ஓர் அங்குலம், ஒரு மில்லிமீட்டர்: ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர் கட்டிய மூன்று மாதம்

25-இல் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் உண்டு. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அதை 25-ஆல் வகுத்தால் 1.016. அதாவது அமெரிக்கக் காரின் அளவுகளை அங்குலத்தில் எழுதிவைத்திருந்தால், அப்படியே மில்லிமீட்டர் என்று படித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான பிசகு. என் கத்தி அதைவிட அதிகமாகவே வழுக்கும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த உற்சாகத்தில்தான் மேசையில் வைத்திருந்த கிட்டின் (ஒட்டிக் கட்டவேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) முன், பின் சக்கரங்களின் இடைவெளியை அளந்தேன். 136 மில்லிமீட்டர். நான் கட்ட நினைத்ததோ 1960-களின் நடுவில் கலிபோர்னியாவில் ஓடிய வகையைச் சேர்ந்த, 160 அங்குல இடைவெளியுள்ள ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர், அதாவது டிராக் பந்தயக் கார். 26 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. பெட்டிக்குள் இருப்பதை அப்படியே ஒட்டி முடித்துவிடலாம் என்ற எண்ணம் அந்த நிமிடமே போயிற்று.

டிராக் பந்தயம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இரண்டு கார்கள், ஒரு நேர்கோடு, கால் மைல் தூரம், முதலில் கடப்பவர் வென்றார். அவ்வளவுதான். வளைவு கிடையாது, இரண்டாவது சுற்று கிடையாது. போர் முடிந்து வெறுமையாய்க் கிடந்த விமான ஓடுதளங்களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு வேர்விட்டது. தென் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950-இல் ஒரு விமான நிலையத்தின் ஓடுதளத்தில் வாராவாரம் நடந்தது. நம் சோழவரத்திலும் பந்தயக் கார்கள் ஓடியது இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில்தான் என்பதை நினைத்துக்கொள்வேன். கார் ஓட்ட ஆசைப்பட்டவர்களுக்கு எல்லா ஊரிலும் பட்டாளம் விட்டுப்போன தரைதான் வாய்த்திருக்கிறது.

ஸ்லிங்ஷாட் என்றால் கவண். முன்னே நீண்ட குழாய்ச் சட்டகம், நடுவில் எஞ்சின், அதற்குப் பின்னால் பின் அச்சு, அந்த அச்சுக்கும் பின்னால் ஓட்டுநர். கவணில் கல் உட்கார்ந்திருப்பதுபோல அவர் கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பார். எடை முழுவதும் பின் டயர்கள்மேல் விழவேண்டும் என்பதற்காக 1954-இல் மிக்கி தாம்சன் என்ற பந்தய ஓட்டுநர் அமைத்த ஏற்பாடு இது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் வேகமான கார்கள் எல்லாம் இந்த உருவத்தில்தான் இருந்தன.

சட்டகத்தை நீட்டும் வேலையில் முதல் முயற்சி படுதோல்வி. கிட்டின் பக்கச் சட்டங்களை எஞ்சினுக்கு முன்னால் வெட்டினேன். பாகங்களைச் சுற்றியிருக்கும் வார்ப்புக் கம்பியிலேயே துண்டுகள் நறுக்கி, உள்ளே எஃகுக் கம்பி முளை வைத்து, நான்கு இடங்களில் ஒட்டினேன். காய்ந்த பிறகு கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்தால் வாழைப்பழம்போல வலப்பக்கம் வளைந்திருந்தது. இடப்பக்கத் துண்டு ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிவிட்டது. நேராக ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு வண்டிக்கு இதைவிட அவமானம் கிடையாது. வெந்நீரில் காட்டி நிமிர்த்தினேன். நிமிர்ந்தது, இரண்டே நாளில் பழையபடி வளைந்துகொண்டது.

பிளாஸ்டிக்கை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து வெல்டிங் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனேன். டிக் வெல்டிங்குக்குப் பயன்படுத்தும் நிரப்புக் கம்பி 1.6 மில்லிமீட்டர் பருமனில், ஒரு மீட்டர் நீளத்தில், நூல் பிடித்ததுபோல் நேராகக் கிடைக்கிறது. நிஜ அளவில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலக் குழாய். சட்டகத்தின் முக்கியக் குழாய்க்குப் பொருத்தமான பருமன். இரும்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் மெல்லிய செப்புப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுதான் இங்கே பெரிய உதவி, ஈயப்பற்று நன்றாகப் பிடிக்கும்.

குறுக்குக் கம்பிகளுக்கு முதலில் ஊசி மருந்து போடும் 18 கேஜ் ஊசிகளை நறுக்கி வைத்தேன். அதன் வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர், கச்சிதமாய் ஒன்றேகால் அங்குலம் என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் அது துருப்பிடிக்காத எஃகு. சாதாரண ஈயப்பற்று அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டோடியது. ஆகவே ஊசிகளை வேறு வேலைக்கு எடுத்துவைத்துவிட்டு, எங்கள் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு நடந்தேன்.

கோவையில் பம்புசெட் மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத தெரு குறைவு. கடைக்காரர் என்னைவிட இருபது வயது மூத்தவர். "என்ன கேஜ் வேண்டும், எத்தனை கிலோ?" என்றார். 18 கேஜில் இரண்டு முழம், 30 கேஜில் இரண்டு முழம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொம்மைக் கார் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "மாதிரி எஞ்சின் ஒன்று செய்கிறேன், அண்ணா" என்றேன். காசு வாங்கவில்லை. 30 கேஜில் பாதி தீர்ந்த ஒரு சின்னச் சுருளையே தூக்கிக் கொடுத்து, முடிந்ததும் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார்.

18 கேஜ் கம்பி 1.2 மில்லிமீட்டர். எனாமலைச் சுரண்டிவிட்டால் ஈயம் அழகாய் ஏறும். ஒட்டுப்பலகையில் வரைகட்டத் தாளை ஒட்டி, குண்டூசிகளை அடித்து, நாலு நீளக் கம்பிகளையும் அதற்குள் சிறைவைத்துப் பற்றவைத்தேன். வரிசை முக்கியம்: உலோக வேலை முழுவதையும் முடித்து, சோப்பு நீரில் கழுவிய பிறகுதான் பிளாஸ்டிக் பின்பாதியோடு சேர்க்கவேண்டும். சேர்த்த பிறகு ஒரு குறுக்குக் கம்பி விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். நான் மறக்கவில்லை, பற்றுக்கோலின் சூட்டில் மோட்டார் தாங்கியின் ஒரு காது உருகி வழிந்தது. அது இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, எஞ்சினுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில்.

இரண்டையும் சேர்க்க, பிளாஸ்டிக் சட்டத்தின் முனையைப் பாதி ஆழத்துக்கு 12 மில்லிமீட்டர் அராவி, கம்பியை அதில் படுக்கவைத்து, அரால்டைட் போட்டு இரவு முழுவதும் விட்டேன். காலையில் கண்ணாடியில் வைத்தபோது நான்கு மூலையும் தரையைத் தொட்டன. அன்றைக்குக் காப்பி வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

எஞ்சின் கிரைஸ்லரின் 392 ஹெமி. 392 கன அங்குலம், கிட்டத்தட்ட 6.4 லிட்டர். கிட்டில் வரும் எஞ்சின் பாகங்களில் பாதி குரோம் பூச்சோடு பளபளக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதென்று அப்படியே ஒட்டாதீர்கள். பூச்சின்மேல் பசை பிடிக்காது, வார்ப்புக் கோடும் மறையாது. துணிக்குப் போடும் திரவ பிளீச்சில் ஊறவைத்தால் பூச்சு கரைந்துபோகும். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை அமிலம் இருந்த டப்பாவை மறந்தும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். குரோமுக்குக் கீழே இருக்கும் வழவழப்பான வார்னிஷ் படலத்தை உப்புத்தாளால் தனியாக எடுக்கவேண்டும். எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் புளோயரை மட்டும் மங்கிய அலுமினிய நிறத்தில் அடித்தேன். நிஜத்திலும் அது வார்ப்பு அலுமினியம்தான், கண்ணாடி அல்ல.

அந்தப் புளோயரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 6-71 என்பது அதன் பெயர். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். ஜெனரல் மோட்டார்ஸின் இரட்டை வீச்சு டீசல் எஞ்சினின் எண் அது. லாரியிலும், போர்க்காலத்தில் படைவீரர்களைக் கரையிறக்கிய படகுகளிலும் உழைத்த எஞ்சின். அதில் காற்றைத் தள்ளும் பொறியாக இருந்ததைக் கழற்றி, பந்தயக்காரர்கள் ஹெமியின் தலையில் கட்டிவிட்டார்கள். எரிபொருளோ நைட்ரோமீத்தேன். தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருகிற திரவம். ஒரு பங்கு பெட்ரோலை எரிக்க ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், இதற்கு 1.7 பங்கு போதும். அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை உள்ளே கொட்டலாம். மாதிரியில் இதற்கு என்ன பொருள் என்றால், எரிபொருள் குழாய்கள் தடிமனாக இருக்கவேண்டும். தையல் நூலைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து வைத்தேன். முன் அச்சுக்கு மேலே இருக்கும் டாங்கியிலிருந்து எஞ்சின் வரை போகும் ஒரு குழாய்க்கு மட்டும் பழைய இயர்போன் கம்பியின் உறை.

ஸ்பார்க் பிளக் கம்பிகளுக்கு 30 கேஜ் காயில் கம்பி. 0.315 மில்லிமீட்டரை 25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நிஜக் கம்பியும் அந்தப் பருமன்தான். சர்க்கியூட் போர்டு துளைக்கும் 0.35 டிரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவின் மூடியில் எட்டு ஓட்டை. மூன்று பிட் உடைந்தது. அதில் ஒன்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஹெமியில் பிளக்குகள் வால்வு மூடியின் நடுவிலேயே இறங்குவதால் கம்பிகள் மேலிருந்து நுழையவேண்டும், பக்கத்திலிருந்து அல்ல. பல மாதிரிகளில் இதைத் தவறாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு என்று கூந்தலை வகிடெடுத்ததுபோல் பிரித்து வைத்தேன். அழகாக இருந்தது, ஆனால் பொய். தீப்பொறி போகும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். மூடியைச் சுற்றிவந்தால் இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம், வலம் என்று போகும். கம்பிகள் ஒன்றையொன்று தாண்டித்தான் ஆகவேண்டும். பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தேன். இந்த எஞ்சின் ஒருநாளும் ஓடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஓடினால் சரியாக ஓடவேண்டும் அல்லவா? ஒரு குறிப்பு: வளைத்துப் பொருத்திய பிறகு வண்ணம் தீட்டுங்கள். முன்பே தீட்டினால் வளைவுகளில் உதிர்ந்துவிடும்.

ஓட்டுநர் இருக்கைக்கு வந்தபோது கை தானாக நின்றது.

அதுவரை படங்களைப் பார்த்துத்தான் இந்தக் காரை எனக்குத் தெரியும். படத்தில் தகட்டுக்கு மேலே தலைக்கவசமும் தோளும் தெரியும், கால் தெரியாது. மாதிரியில் உடல் தகட்டைப் போடுவதற்கு முன் எல்லாம் திறந்து கிடக்கிறது. காகிதத்தில் ஒரு மனிதனை 70 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, இருக்கையில் உட்காரவைத்தேன். தொடை இரண்டும் பின் அச்சின் கூட்டுக்கு மேலே. தொடைகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல். முழங்காலுக்குக் கீழே, கிளட்சிலிருந்து வரும் இணைப்புத் தண்டு. பாதங்கள் எங்கே என்று பார்த்தால் கிளட்ச் கூட்டின் இருபுறமும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனைக் கடத்தும் ஒரு சுழலும் தட்டை இரு பாதங்களுக்கு நடுவில் அணைத்துக்கொண்டுதான் அந்த மனிதன் கால் மைல் போகிறான். எத்தனையோ முறை வாசித்த செய்தி அது. விரல் நுனியால் அந்தக் காகிதப் பாதத்தை மடக்கி இடம் தேடியபோதுதான் எனக்குப் புரிந்தது.

1960-களின் இறுதியில் கிளட்சை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டும் முறை வந்தது. டயர் புகையாமல் பிடித்துக்கொண்டது, வேகம் கூடியது. வழுக்கலின் சூடு முழுவதும் கிளட்சுக்குள் போனது. சூடேறிய தட்டுகள் வெடித்தால் கூடு தாங்கவேண்டும். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் டான் கார்லிட்ஸ் என்ற பந்தய ஓட்டுநருக்கு வெடித்தது கிளட்ச் அல்ல, இரண்டு வேகக் கியர்பெட்டி. கார் இரண்டாகத் துண்டானது. வலது பாதத்தின் முன்பாதி போயிற்று. அடுத்த ஆண்டு அவர் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு வந்து, பொமோனாவில் விண்டர்நேஷனல்ஸ் போட்டியை வென்றார். பின் எஞ்சின் கார்களை அதற்கு முன்பும் சிலர் முயன்றிருந்தார்கள், அவை அடங்கவில்லை. இது அடங்கியது. அதன் பிறகு ஸ்லிங்ஷாட் வேகமாக மறைந்தது.

கிட்டில் பெடலே இல்லை. உடல் தகடு மூடிவிடும் இடம் என்பதால் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். நான் இரண்டு பெடல் செய்தேன். தகரத் துண்டு, 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். கிளட்ச் கூட்டின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. உடல் தகட்டை ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி விட்டதும் அப்போதுதான்.

இனி வண்ணம். இங்கே நான் கெட்டிக்காரனாக நடந்துகொள்ளவில்லை. அந்தக் காலக் கார்களுக்கு மிட்டாய்ச் சிவப்பு வண்ணம் ஒன்று உண்டு: கீழே வெள்ளி அல்லது தங்கம், மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் நிறத்தை ஆழமாக்கும். ஐப்பசியில் இதைத் தொடங்கினேன். வெளியே மழை, காற்றில் ஈரம். கடைசி வார்னிஷ் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. ஈரத்தில் விரைந்து ஆவியாகும் கரைப்பான் மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றின் நீர் அதில் படிந்துவிடுகிறது. இதற்கு ஊதி ஊதிப் பயனில்லை. ஒரு வாரம் காத்திருந்து, வெயில் வந்த நாளில் மறுபடி மெல்ல ஒரு தூவல் அடித்தபோது வெளுப்பு கரைந்தது.

பெரிய பிழை வேறு. மூக்குப் பகுதியை ஒரு நாளும் பின் தகட்டை வேறொரு நாளும் அடித்தேன். மூக்குக்கு நாலு அடுக்கு, பின்பகுதிக்கு ஐந்து. எண்ணிக்கையை எழுதிவைக்கவில்லை. இரண்டையும் சட்டகத்தில் மாட்டியபோது மூக்கு மாதுளை, பின்பகுதி பீட்ரூட். மூக்குக்கு இன்னொரு அடுக்கு அடித்தேன், பீட்ரூட்டையும் தாண்டிப் போயிற்று. கடைசியில் இரண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, ஒரே குச்சியில் அருகருகே குத்தி, ஒரே மூச்சில் அடித்தேன். மிட்டாய் வண்ணத்தில் எல்லாத் துண்டும் ஒரே பந்தியில் சாப்பிடவேண்டும்.

மற்றவை விரைவாக. பழைய ஒட்டுப்படங்கள் தண்ணீரில் போட்டதும் அப்பளம்போல் நொறுங்கும். முதலிலேயே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் பிழைக்கும். பின் டயர்கள் மென்மையான வினைல், அதிலுள்ள எண்ணெய்த்தன்மை சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடும். சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய அலுமினியத் தாள் சுற்றிய பிறகே மாட்டினேன். டயரின் பளபளப்பை உப்புத்தாளால் கெடுத்தேன், ஓடிய டயர் பளபளக்காது. காரை நிறுத்தப் பின்னால் விரியும் பாரசூட்டின் மூட்டைக்குக் காகிதக் கைக்குட்டையும் வெள்ளைப் பசையும். ஒதுக்கிவைத்த ஊசிகளில் ஒன்று, பின்னால் இன்னொரு வண்டி தள்ளிக் கிளப்புவதற்கான கம்பியாயிற்று.

எல்லாம் முடிந்ததென்று நினைத்த இரவில், தட்டில் ஒரு பாகம் மிச்சமிருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து முன் அச்சுக்கு, இடப்பக்கமாகக் காரின் நீளம் முழுவதும் போகும் இணைப்புக் கம்பி. வைத்துப் பார்த்தேன். 26 மில்லிமீட்டர் குறைந்தது. மூன்று மாதம் சட்டகத்தின் நீளத்தைத் தவிர வேறு எதையும் பேசாத எனக்கு இது தோன்றவே இல்லை. அகல் விளக்கை ஏற்றி, வார்ப்புக் கம்பி ஒன்றைச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரு கையாலும் மெல்ல இழுத்தேன். நாலாவது முயற்சியில் முக்கால் மில்லிமீட்டர் பருமனில் நேரான கம்பி கிடைத்தது. அதுதான் இப்போது காரில் இருக்கிறது.

சொன்னபடி காயில் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். மிட்டாய்ச் சிவப்பை அவர் கவனிக்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்பிகளை எண்ணினார். எட்டும் இருந்தது. எது எதற்குப் போகிறது என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். பிறகு உடல் தகட்டை எடுத்துக் காட்டினேன்.

"இந்த ஆள் காலை எங்கே நீட்டுவார், தம்பி?"

பெடல்களைக் காட்டினேன். நடுவில் இருப்பது என்ன என்றார். கிளட்ச் என்றேன். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டார். ஏழாயிரம் வரை போகலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வேகம் மிஞ்சி ரோட்டர் பிய்ந்த மோட்டார்களை வாழ்நாள் முழுக்கத் திறந்து பார்த்தவர். விரல் நகத்தால் அந்தக் கூட்டை மெல்லத் தட்டினார்.

"இது என்ன கனம்?"

"நிஜத்தில் கால் அங்குல எஃகு, அண்ணா."

"போதாது" என்று சொல்லிவிட்டு, தகட்டைப் பார்த்து மூடித் திருப்பிக் கொடுத்தார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, சுருளில் மிச்சமிருக்கும் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னார்.